மேன் ஆன் வயரும் அம்பத்தூர்க் கயிறும்

ஒரே வாரத்தில் இரண்டு கயிறு பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டு டிவியில் ஒன்று, ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில். திங்கட்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் இன்னொன்று, ஏழெட்டு அடி உயரத்தில். முதலாவதைப் பார்த்தபோது உள்ளங்கை வியர்த்தது. இரண்டாவதைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் ஆகலை, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஏன் என்று யோசிக்கப் போய் நற்றிணை, குறுந்தொகை என்று எங்கெங்கோ போய்விட்டேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

முதலில் படம். ‘மேன் ஆன் வயர்’ 2008-இல் வந்த ஆவணப்படம். இயக்கியவர் ஜேம்ஸ் மார்ஷ். 2009-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. (மேடைக்கு வந்த கதாநாயகர் அந்தச் சிலையைத் தன் தாடை மேல் நிறுத்திக் காட்டினார். தேடிப் பாருங்க, கிடைக்கும்.) கதாநாயகர் பிலிப் பெத்தி, பிரெஞ்சுக்காரர், 1949-இல் பிறந்தவர். 16 வயதில் கம்பி நடையைத் தானே கற்றுக்கொண்டவர். 1968-இல் பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில், நியூயார்க்கில் கட்டப்போகும் இரட்டைக் கோபுரங்களைப் பற்றிப் பத்திரிகையில் பார்க்கிறார். கோபுரம் இன்னும் எழும்பக்கூட இல்லை. இவர் மனசுக்குள் கம்பி கட்டி முடித்துவிட்டார். நடுவில் 1971-இல் பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயக் கோபுரங்களுக்கு நடுவே நடந்தார். 1973-இல் சிட்னி துறைமுகப் பாலத்தில் நடந்தார். எதற்கும் அனுமதி கிடையாது.

1974 ஆகஸ்ட் 7 காலை, இரண்டு கோபுர உச்சிகளுக்கும் நடுவே சுமார் 45 நிமிடம் இருந்தார். எட்டு முறை போய் வந்தார். படுத்தார், மண்டியிட்டார். இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கிறது, நடுவில் இவர்.

படம் ஒரு திருட்டுக் கதை மாதிரிதான் போகிறது. போலி அடையாள அட்டை, உள்ளே வேலை பார்க்கும் ஒரு ஆள், காவலாளி கண்ணில் படாமல் தார்ப்பாய்க்கு அடியில் மணிக்கணக்கில் ஒளிந்து கிடப்பது. ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வில் அம்பால் மீன்பிடி நரம்பை எய்கிறார்கள். அந்த நரம்பில் ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் இன்னும் தடித்த கயிறு, கடைசியில் சுமார் 200 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி. இருட்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியலை. பெத்தி உடுப்பை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, அது தோலில் படுகிறதா என்று அலைந்தாராம். எனக்கு நடையைவிட இந்த இடம்தான் பிடித்தது.

இந்தப் படத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த நடையின் அசையும் படம் ஒரு நொடிகூட இதில் இல்லை. நண்பர்கள் எடுத்த புகைப்படங்கள் மட்டும்தான். மார்ஷ் அந்தப் புகைப்படங்களையும், 30 வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது குரல் உடைகிற நண்பர்களின் முகங்களையும் வைத்து நம்மை மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார். இன்னொரு விஷயம், பிடிக்கப் போன போலீஸ்காரர் சார்ல்ஸ் டேனியல்ஸ் அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது. இந்த ஆளை நடப்பவர் என்று சொல்ல முடியாது, ஆடுபவர் என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார். அந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் வருகிறது.

சரி, இனி அம்பத்தூர்.

எஸ்டேட்டில் ஷிஃப்ட் விடும் நேரம். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. ஒரு காலத்தில் தென்மாவட்டத்துக்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்கிய இடம். இப்போது பீகார், ஒடிசா, சத்தீஸ்கர். ஓ.டி. மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையோர மண்ணில், இரண்டு ஜோடி மூங்கில்களைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மேலே கயிறு. அதன் இரண்டு முனையும் தரையில் அடித்த இரும்பு முளைகளில். எட்டு அல்லது ஒன்பது வயசுப் பெண் ஒன்று, தலையில் மூன்று செம்புகளை அடுக்கிக்கொண்டு, கையில் நீளக் கோலோடு கயிற்றில் நடந்தது. அப்புறம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தது. அப்புறம் ஒரு தாம்பாளத்தில் முட்டி போட்டு நகர்ந்தது. கடைசியில் சைக்கிள் ரிம் ஒன்றைக் கயிற்றின் மேல் வைத்து, அதைக் காலால் உருட்டிக்கொண்டே போனது. கீழே அப்பா டோலக் அடித்தார். ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்திப் பாட்டு. ஸ்பீக்கர் மேலேயே ஜிபே அட்டை ஒட்டியிருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். அப்பா பெண்ணை ஏறிட்டே பார்க்கலை. அவர் கண் முழுக்க முளைகளின் மேலேயே இருந்தது. நடு நடுவே எழுந்துபோய்ச் சம்மட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். கயிற்றின் நீளம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் எடை 25 கிலோ. அவள் நடுவில் நிற்கும்போது கயிறு 12, 13 சென்டிமீட்டர்தான் தொய்கிறது என்றால், கயிற்றில் ஏறும் இழுப்பு ஏறக்குறைய 250 கிலோ. அவள் எடையைப் போலப் பத்து மடங்கு! கயிற்றை இன்னும் விறைப்பாகக் கட்டினால் இழுப்பு இன்னும் ஏறும். தளர்த்தினால் இழுப்பு குறையும், ஆனால் கயிறு ஊஞ்சலாகிவிடும். அத்தனை இழுப்பும் போய்ச் சேருவது மண்ணில் அடித்த அந்த முளைகளில்தான். நமக்கு எல்லாம் பெண்ணின் பாதத்தில்தான் கண். அவருக்குத் தெரியும், விழுவதாக இருந்தால் எங்கிருந்து ஆரம்பிக்கும் என்று.

கோலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீளமான கோல் சட்டென்று சாயாது. அதைப் பிடித்திருக்கும் உடம்பும் சட்டென்று சாயாது. தவறைத் திருத்திக்கொள்ள அரை நொடியோ ஒரு நொடியோ கூடுதலாகக் கிடைக்கும். பெத்தியின் கோல் சுமார் 8 மீட்டர், 25 கிலோ. அந்தப் பெண்ணின் மொத்த எடை!

ஆட்டம் முடிந்ததும் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு இந்தி சுமார்தான். டீக்கடையில் நின்ற ஒரு பீகார் தம்பி மொழிபெயர்த்தார். பிலாஸ்பூர் பக்கமாம். தாத்தா காலத்திலிருந்து இதே தொழிலாம். கோலைக் காட்டி, இதுக்குப் பேர் என்னன்னு கேட்டேன். “பான்ஸ்” என்றார். பான்ஸ் என்றால் இந்தியில் மூங்கில்.

தமிழிலும் அதே கதைதான். கழை என்றால் மூங்கில். கழைக்கூத்து. கயிற்றுக்குக் கொடுக்காத இடத்தை, அதைத் தாங்கும் மூங்கிலுக்குக் கொடுத்த பெயர். கூடவே கூத்து. நியூயார்க் போலீஸ்காரர் 1974-இல் தடுமாறிக் கண்டுபிடித்த வார்த்தை நம்மிடம் முன்னமே இருக்கிறது. சங்கப் பாட்டில் இவளுக்குப் பெயர் ஆடுமகள். நடையைச் சொல்லும் இடத்தில்கூட நடப்பவள் என்று பெயர் வைக்கலை.

சங்கப் பாட்டில் நான் குறித்து வைத்திருக்கும் இடங்கள் மூன்று. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது குறுந்தொகை 7. பெரும்பதுமனார் பாடியது. ஒரு ஆணும் பெண்ணும் ஊரைவிட்டுக் கிளம்பி மூங்கில் காட்டு வழியே போகிறார்கள். எதிரே வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்கிறார்கள். அவன் காலில் கழல். அவள் காலில் சிலம்பு. கல்யாணத்தின்போது சிலம்பைக் கழற்றுவது அன்றைய வழக்கம், அதனால் இன்னும் கல்யாணம் ஆகலை என்று பார்த்ததுமே தெரிகிறது. காட்டில் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. அந்தச் சத்தம், கயிற்றில் ஆடும் ஆரியர் கொட்டும் பறை மாதிரி இருக்கிறதாம். ஆரியர் என்றால் இங்கே வடக்கிலிருந்து வந்த கூத்தாடிகள் என்பதே உரைகளில் காணும் விளக்கம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். பிலாஸ்பூர்க்காரர் டோலக் அடித்தபோது என் பக்கத்தில் நின்றவர் “வடக்கன்ஸ் எல்லாத்துக்கும் வந்துட்டானுங்க” என்று சலித்துக்கொண்டார். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாலும் கயிற்றோடும் பறையோடும் வடக்கிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். அன்றைக்கும் அவர்களுக்குத் திசையை வைத்துத்தான் பெயர். ‘ஆரியக்கூத்து ஆடினாலும் காரியத்தில் கண்ணாயிரு’ என்ற பழமொழிக்கும் இந்தக் கழைக்கூத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எத்தனை வித்தை காட்டினாலும் தட்டில் விழும் காசில் கண் இருக்க வேண்டுமாம். எனக்கென்னவோ அந்த அப்பாவின் கண் முளையில் இருந்ததைப் பார்த்த பிறகு, ‘காரியம்’ என்பதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. (இது என் சொந்தச் சரக்கு. யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்!)

இரண்டாவது நற்றிணை 95. பாடியவர் கோட்டம்பலவனார். மலையூர். பல வாத்தியங்கள் முழங்க ஒரு ஆடுமகள் முறுக்கேறிய கயிற்றில் நடந்து முடித்துவிட்டாள். இப்போது கயிறு சும்மா இருக்கிறது. அத்திப்பழம் மாதிரி சிவந்த முகமுள்ள மந்தியின் குட்டி ஒன்று அதில் தொங்குகிறது. குறவர் பிள்ளைகள் பாறை மேல் ஏறிக் குதித்து அதற்குத் தாளம் போடுகிறார்கள். காதலி இருக்கும் மலை எது என்று அடையாளம் சொல்வதற்காகத் தலைவன் இதைச் சொல்கிறான். காட்சி அத்தனை அழகு. ஆனால் பாட்டு ஆரம்பிக்கும்போதே அந்தப் பெண் போய்விட்டாள்.

மூன்றாவது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. பலாப்பழத்திலிருந்து கசிந்து ஊறிப்போன தேறலைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு மயில் குடித்துவிடுகிறது. போதை. தள்ளாடுகிறது. எப்படித் தள்ளாடுகிறது? ஊர்த் திருவிழாக் களத்தில் வாத்தியம் முழங்க, கயிற்றின் மேல் ஆடுமகள் தளர்ந்து அடி வைப்பது மாதிரி. கயிற்றில் நடப்பவள் காலை எப்படி வைப்பாள் என்று பக்கத்தில் நின்று பார்க்காத ஆளுக்கு இந்த உவமை வராது. அந்தத் தளர்ச்சி தடுமாற்றம் இல்லை. அடுத்த அடிக்கு முன்னால் கயிறு எங்கே அசைகிறது என்று பாதம் கேட்டுக்கொள்ளும் ஒரு சின்ன இடைவெளி அது. அம்பத்தூரில் அந்தப் பெண் ரிம்மை உருட்டியபோது அதைப் பார்த்தேன். (ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையைச் சொல்லிக்கொடுக்கக் கபிலர் பாடியது இந்தப் பாட்டு என்று பழைய குறிப்பு சொல்கிறது. வடக்கத்தி ராஜாவுக்குத் தமிழ்ப் பாடம், அதில் உவமையாகக் கயிற்று ஆடுமகள்!)

இப்போது மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்க. ஒன்றில் பறைச் சத்தம் மட்டும். ஒன்றில் அவள் விட்டுப்போன கயிறு மட்டும். ஒன்றில் குடித்த மயிலுக்கு அவள் உவமை. ஒரு பாட்டுகூட அவளைப் பற்றிய பாட்டு இல்லை. புலவர்களைக் குற்றம் சொல்லலை, உவமையின் வேலையே அதுதான். ஆனால் தலைவிக்குத் தூக்கம் வராததை இத்தனை பாட்டில் அலசிய இலக்கியத்தில், கயிற்றிலிருந்து இறங்கிய பிறகு இந்தப் பெண் எங்கே போய்ப் படுத்தாள் என்று நான் பார்த்த இந்த மூன்று பாட்டிலும் ஒரு வரி இல்லை.

அவர்களைப் பற்றியே எழுதியவர்கள் பிற்பாடு வந்தார்கள், வேறு நோக்கத்தோடு. 1909-இல் எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் கொண்டுவந்த, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளில் தொம்மரர் என்ற கூத்தாடிகளுக்குத் தனிக் கட்டுரை உண்டு. வித்தைகளைச் சொல்கிறது. கூடவே அந்தக் காலத்து அதிகாரிகளுக்கே உரிய சந்தேகமும் எட்டிப் பார்க்கிறது. ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்றாலே சந்தேகம். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அந்தச் சந்தேகத்தைச் சட்டமாகவே ஆக்கியது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையான ஊர் இல்லாத பல கூட்டங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கினார்கள், நாடு முழுக்க 1952-இல். தெருவில் கயிறு கட்டினால் லத்தியோடு ஒருவர் வந்து “எந்த ஊருடா?” என்று கேட்கும் பழக்கம் அந்தச் சட்டத்தோடு போகலை.

கயிற்றுக்காரிக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது என்றால் அது உதய்பூரில். பிச்சோலா ஏரிக்குள் நட்னி சபூத்ரா என்று ஒரு சின்ன மேடை. நட்னி என்றால் கழைக்கூத்தி. ஏரிக்கு குறுக்கே கயிற்றில் நடந்து வந்தால் பாதி ராஜ்யம் தருகிறேன் என்று ராணா வாக்குக் கொடுத்தாராம். அவள் பாதிக்கு மேல் வந்துவிட்டாள். பாதி ராஜ்யம் போகிறதே என்று அரண்மனைக்காரர்கள் கயிற்றை வெட்டிவிட்டார்கள். அவள் மூழ்கும்போது ராஜ வம்சத்துக்குச் சாபம் விட்டாள் என்பது கதை. வரலாறு இல்லை, கதைதான். ஆனால் அதைச் சொன்ன ஜனங்களுக்கு, கயிற்றில் நடப்பவளுக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்திருக்கிறது.

பெத்தியிடம் வருவோம். அவரைக் கைது செய்தார்கள். சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்காக இலவசமாக ஒரு நிகழ்ச்சி செய்தால் போதும் என்று வழக்கை விட்டுவிட்டார்கள். ஏன் செய்தீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். அதற்கு ‘ஏன்’ என்று ஒன்று கிடையாது என்பதுதான் அவர் பதில். கேட்கவே எத்தனை கம்பீரம்! எனக்கும் அந்த இடத்தில் புல்லரித்தது. திங்கட்கிழமை தூக்கம் வராததற்குக் காரணமும் அதுதான் என்று இப்போது புரிகிறது. அம்பத்தூர்ப் பெண்ணிடம் ஏன் என்று யாருமே கேட்கலை. கேட்கத் தேவையும் இல்லை, ஸ்பீக்கர் மேலேயே அட்டை ஒட்டியிருக்கிறது.

இதில் நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெளிவில்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2009 சட்டப்படி 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கூடம் அவளுடைய உரிமை. சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது சினிமா, டிவி, விளம்பரம் ஆகியவற்றில் குழந்தைகள் நடிக்க நிபந்தனையோடு வழி விட்டார்கள். சர்க்கஸுக்கு மட்டும் கிடையாது என்று தனியாகவே எழுதினார்கள். அதாவது அதே பெண்ணை டிவி நிகழ்ச்சி ஒன்றில் மேடையேற்றிக் கயிற்றில் நடக்கவிட்டு, நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினால், அதற்கு வாதாட ஒரு வழியாவது இருக்கிறது. சாலையோரத்தில் இல்லை.

கூட்டத்தில் ஒரு அக்கா, “1098-க்கு போன் பண்ணுங்க சார், பாவம் பச்சப் புள்ள” என்றார். போனை எடுத்தேன். எண்ணை அடித்தும் விட்டேன். அப்போது அந்தப் பெண் கயிற்றின் நடுவில் நின்று, ஒரு காலைத் தூக்கி, எங்களை எல்லாம் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தது. காசு கேட்கும் சிரிப்பு இல்லை அது. எனக்கு இது வரும், உனக்கு வராது என்கிற சிரிப்பு. நான் அழைக்கவில்லை. 50 ரூபாய் போட்டேன். செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். அழைத்திருந்தால் அப்பா ஸ்டேஷனிலும் அவள் ஒரு இல்லத்திலும் அன்றைக்கு ராத்திரி இருந்திருக்கலாம். அழைக்காததால் அவள் நாளைக்கும் கயிற்றில்தான் ஏறுவாள். இரண்டில் எது மோசம் என்று இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் எழுதியும் எனக்குச் சொல்லத் தெரியலை.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன், இந்த முறை கொஞ்சம் உருப்படியாகக் கேட்கலாம் என்று. அவர்கள் இல்லை. முளை அடித்த குழிகள் மட்டும் மண்ணில் இருந்தன. மழை பெய்து அதில் தண்ணீர் நின்றது. எதிர்ப்புறம் பஜ்ஜி போடும் அம்மாவிடம் விசாரித்தேன். ஆவடிப் பக்கம் போறதா சொன்னாங்க, அங்கருந்து பட்டாபிராமோ என்னவோ என்றார்.

பையில் இருந்த நோட்டைப் புரட்டினேன். கயிற்றின் உயரம், மூங்கில் எத்தனை, செம்பு எத்தனை, டோலக், பிலாஸ்பூர், பான்ஸ் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

“அந்தப் பொண்ணு பேரு என்னம்மா, உங்களுக்குத் தெரியுமா?”

“பேரெல்லாம் எங்க சார் கேட்டேன். பாப்பான்னு கூப்ட்டு ரெண்டு பஜ்ஜி குடுத்தேன். வாங்கிட்டுப் போச்சு.”